தாழ்ப்பாள் நம்ம பக்கம்

சார், சார், அந்தப் பை மேல மட்டும் கை வெக்காதீங்க. கோச்சுக்காதீங்க. உள்ள அட்டையில செஞ்ச சாமான் இருக்கு, நசுங்கிடுச்சுன்னா நான் போற வேலையே கெட்டுடும். மேல கம்பியில வெச்சா எவனாவது மூட்டையத் தூக்கி அது மேல போட்டுடுவான். உங்க காலு இடிக்குதா? இடிக்குது, தெரியுது. இருங்க, மடியில வெச்சுக்கறேன். தோ, சரியாப் போச்சு.

நீங்க எது வரைக்கும்? செய்யாறா? நான் ஆரணி. உங்களுக்கு அப்புறம்தான் எறங்கணும். அதுக்குள்ள உங்களாண்ட ஒண்ணு கேக்கணும் சார். பாத்தா விவரம் தெரிஞ்சவரா இருக்கீங்க. கண்ணாடி போட்டிருக்கீங்கன்னு சொல்லல. கை வெக்காதீங்கன்னு சொன்னதும் ஏன் எதுக்குன்னு கேக்காம எடுத்தீங்க பாருங்க, அத்த சொல்றேன். எங்க வூட்ல யாருக்கும் அந்த குணம் கெடையாது.

மருமவள கூட்டினு வரப் போறேன் சார். ஆடிக்குத் தாய் வூட்டுக்குப் போன பொண்ணு. ஆடி முடிஞ்சு ஆவணியும் முடியப் போவுது, வரல. நான் போன் போட்டா எடுக்க மாட்டேங்குது. பக்கத்து வூட்ல கேக்கறாங்க, இன்னா வேதா, மருமவ இன்னும் வரலியா, ஏதாச்சும் விசேஷமான்னு. நானும் சிரிச்சு வெக்கறேன். எத்தினி நாளைக்கு சிரிக்கறது? எம் புள்ள கஜேந்திரன், ஒரே புள்ள, அவன் போன வாரம் வந்து சொல்லிட்டான், அவ இங்க வர மாட்டாப்பா, நான் ஆரணியிலயே ஒரு டயர் கடையில பேசிட்டேன், இந்த மாசத்தோட போயிடறேன்னு. அவன் என்னை மாதிரி கத்தறவன் இல்ல. கம்முனு இருப்பான், கம்முனு செஞ்சுடுவான். அதான் எனக்கு பயமா இருக்கு.

இன்னிக்கு அந்தப் பொண்ணு என் கூட பஸ் ஏறலைன்னா என் குடும்பம் அவ்ளோதான் சார். இது மட்டும் இல்ல, இன்னொண்ணும் இருக்கு. அத்த அப்புறம் சொல்றேன். சொல்ல வாய் வரல.

இந்தப் பையில இருக்கறதுதான் நான் நம்பிகினு போறது. பாக்கறீங்களா? பாருங்க, பாத்தா தப்பில்ல. பேனலு சார். மடக்கற பேனலு. இது சும்மா மாதிரிக்கு, அட்டையில. பெருசு வூட்ல நிக்குது. அட்டை எல்லாம் எம் புள்ள கல்யாணப் பத்திரிகை. மீந்து கெடந்துச்சு, நல்ல கெட்டி அட்டை, குப்பையில போட மனசு வரல. தோ, இந்தப் பலகையில மணமகன்னு இருக்கு, இந்தப் பலகையில மணமகள்னு இருக்கு. நடுவுல துணி டேப்பு ஒட்டியிருக்கேன் பாருங்க, அதான் கீலு. இப்பிடி மடிச்சா மூலைக்கு மூலை நிக்கும். இப்பிடி மடிச்சா 'ப' மாதிரி நிக்கும். முன்னயும் பின்னயும் மாத்தி மாத்தி மடிச்சா வளைஞ்சு வளைஞ்சு போவும், ரெண்டு பக்கமும் சரக்கு மாட்டலாம். மொத்தமா சேத்துட்டா செவுத்தோட செவுரா ஒட்டிக்கும், இருக்கறதே தெரியாது. ஒரே பேனலு, எத்தினி வேஷம் வேணும்னாலும் போடும்.

என் தொழிலே இதான். வேதாசலம்னா யாருக்கும் தெரியாது, பேனல் வேதான்னா எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும். பொருட்காட்சி, நகைக் கண்காட்சி, மண்டபத்துல பொடவை ஸ்டாலு, எல்லாத்துக்கும் தடுப்பு நம்மளுதுதான். வெறும் கொட்டாயக் காட்டுங்க, சாயங்காலத்துக்குள்ள அதுல தெரு, சந்து, கடை, கல்லா எல்லாம் வெச்சுக் காட்டுவேன். மறுநாள் அதே பேனல வேற விதமா மடிச்சு வேற கடை ஆக்குவேன். இந்த மூளை எனக்கு யாரும் சொல்லிக் குடுத்து வந்ததில்ல. இப்பிடிப்பட்டவன் வூட்ல ஒரு ரூமு தடுத்தது தப்பா சார்?

எங்களுது ஹவுசிங் போர்டு வூடு. ஒரு ஹாலு, ஒரு சமையக்கட்டு, மூலையில பாத்ரூமு. அதுல ஒரு ஆளு நின்னா இன்னொரு கைய நீட்ட முடியாது. கல்யாணம் நிச்சயம் ஆனப்பவே கஜா சொன்னான், நான் வாடகைக்கு வூடு பாத்துக்கறேம்ப்பான்னு. நான் விடல. ஏன்டா, ஊருக்கே ரூம் தடுத்துக் குடுக்கறேன், எம் புள்ளைக்குத் தடுக்க மாட்டேனான்னேன். நெசத்தச் சொல்லிடறேன் சார், அவன் போயிட்டா அந்த வூட்ல நானும் லோகுவும் மட்டும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துகினு உக்காந்திருக்கணும். லோகுன்னா லோகாம்பாள், என் சம்சாரம். அவகிட்ட நான் இன்னாத்தப் பேசறது? பேச்செல்லாம் எப்பவோ தீந்து போச்சு. புள்ள சாயங்காலம் வந்து, அப்பா சாப்டியான்னு ஒரு வார்த்தை கேப்பான் பாருங்க, அதுக்குத்தான் நான் உசுரோட இருக்கேன்.

அதனால பண்ணேன். எந்தப் பெரிய பார்ட்டிக்கும் அப்பிடிப் பண்ணதில்ல. நல்ல பிளைவுட்டு, ரெண்டு பக்கமும் மைக்கா, பித்தளைக் கீலு. காலையில மடிச்சா ஹாலு, சாயங்காலம் விரிச்சா ரூமு. கல்யாணத்துக்கு வந்தவன் எல்லாம் மாப்பிள்ளையப் பாக்கல, பேனலத்தான் பாத்தான். சம்பந்தி கூட, ஆரணிக்காரரு, தறி ஓட்டறவரு, கையால தடவிப் பாத்துட்டு நல்லா இருக்குங்கன்னாரு. அவங்க வூட்ல பேசறதே கம்மி.

பொண்ணு பேரு வினோதினி. தங்கமான பொண்ணு. மாமா மாமான்னு வாய் நெறையக் கூப்பிடும். நான் குத்தமே சொல்ல மாட்டேன்.

விரிக்கறதும் மடிக்கறதும் நானேதான். மத்தவங்க கைய வெச்சா கீலு கோணிக்கும். விடிகாலம் தண்ணி வரும், டிரம்ம உருட்டணும், அதுக்குள்ள மடிச்சாகணும். ரெண்டு தட்டு தட்டுவேன், மடிச்சுடுவேன். சின்னஞ்சிறுசுங்க தூங்குதே, தூக்கம் கெடக்கூடாதுன்னு கீலுக்கு வாரா வாரம் எண்ணெய் விடுவேன். துளி சத்தம் வராது. ஒரு நாள் நான் மடிச்சு முடிச்சப்புறம்தான் அந்தப் பொண்ணு முழிச்சுது. திடுக்குன்னு எழுந்து உக்காந்து போர்வைய இழுத்துகினு முழிக்குது. பாத்தியாம்மா, உனக்குத் தெரியாமயே மடிச்சுட்டேன், அதான் வேலைன்னேன். ஒரு சிரிப்பு வரணுமே? வரல. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு வேலையோட அருமை தெரியறதில்ல.

இன்னா கேட்டீங்க? தாழ்ப்பாளா? எந்தப் பக்கமா? நம்ம பக்கம்தான் சார். ஹாலு பக்கம். இது தொழில்ல மொதப் பாடம். ஸ்டாலு போட்டா தாழ்ப்பாளு, கீலு, பின்னு எல்லாம் பின்னாடி, நம்ம ஆளு நிக்கற பக்கம் இருக்கணும். சனங்க நிக்கற பக்கம் வெச்சா எவனாவது நோண்டிகினே இருப்பான். நோண்டி நோண்டி மொத்தத்தையும் சாச்சுடுவான். வழவழன்னு இருக்கற மூஞ்சிதான் சனங்களுக்கு. நம்ம கை எங்க படுமோ அதெல்லாம் நம்ம பக்கம். நான் பொறந்ததுலேந்து எந்தப் பேனல்லயும் தாழ்ப்பாள அந்தப் பக்கம் வெச்சதில்ல. என் கை தானாவே இந்தப் பக்கம்தான் ஆணி அடிக்கும்.

அப்பிடிப் பாக்காதீங்க சார். நான் வெளிய தாழ்ப்பாளு போட்டு யாரையும் பூட்டல. அந்தத் தாழ்ப்பாள நான் போட்டதே இல்ல. விரிச்சா சும்மா சாத்திதான் வெப்பேன்.

சுங்குவார்சத்திரம் வந்துடுச்சா? தண்ணி குடிக்கறீங்களா? வேணாமா? சரி.

ஒரு நாள் பாக்கறேன், பேனலு மடிய மாட்டேங்குது. இழுத்தா எங்கியோ பிடிக்குது. இன்னாடான்னு சந்துல கண்ண வெச்சுப் பாத்தா, உள்ள ரெண்டு பலகையையும் சேத்து ஒரு துணி நாடாவால கட்டி வெச்சிருக்கு அந்தப் பொண்ணு. அதுக்குன்னு ரெண்டு ஆணி வேற அடிச்சிருக்கு சார், என் மைக்காவுல! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஆனா மருமவளாச்சேன்னு அடக்கிகினு பதமாதான் சொன்னேன். ஏம்மா, காத்துக்குத் தொறந்துக்குதா, சொன்னா நான் காந்தம் வெச்சுத் தர மாட்டேனா, ஆணி அடிச்சா மைக்கா விட்டுடும்மான்னு. சரிங்க மாமான்னுச்சு. நானே ஆணியப் புடுங்கி, ஓட்டைய அடைச்சு, காந்தம் வெச்சுக் குடுத்தேன். மறுநாள் பாத்தா திரும்ப ஆணி, திரும்ப நாடா. எம்மாம் பிடிவாதம் பாருங்க. கஜாவக் கேட்டா, விடுப்பா, இருந்துட்டுப் போவட்டும்ன்னான். விட்டேன். என் வாயால விட்டேன்னு சொன்னவன் நான்.

ஆனியில ஒரு பார்ட்டி வந்தாங்க. பெரிய பட்டுப் பொடவைக் கடை. ஊர் ஊரா மண்டபத்துல கண்காட்சி வெக்கறதுக்கு மடக்கற பேனலு வேணும், ஒரு மாதிரி காட்டுங்கன்னாங்க. பட்டறையில இருந்த சரக்கெல்லாம் திருச்சிக்குப் போயிருந்துச்சு. இருக்கறதுலயே நல்ல சரக்கு எங்க இருக்கு? என் வூட்ல. வாங்க சார், நடக்கற தூரம்தான்னு கூட்டினு வந்துட்டேன். ஒரு பெரியவரு, அவரு புள்ள, ரெண்டு பேரு. லோகு கீழ ரேஷனுக்குப் போயிருந்தா. பேனலு பகல்லயே விரிச்சிருந்துச்சு, அந்தப் பொண்ணே விரிச்சிருக்கு போல, உள்ள மருமவ இருக்கான்னு தெரிஞ்சுது.

நான் கொரல் குடுத்தேன் சார். குடுக்காம இல்ல. வினோதினி, பார்ட்டி வந்திருக்காங்கம்மா, பேனலு காட்டணும்ன்னேன். ஒரு நிமிசம் மாமான்னுச்சு. சரின்னு நின்னேன். பார்ட்டியோட புள்ள கடியாரத்தப் பாக்கறான். பெரிய பார்ட்டிங்க நின்னுகினு இருப்பாங்களா? தள்ளிப் பாத்தேன், வரல. நாடா கட்டியிருக்கு. ம்மா, அந்த முடிச்ச அவுத்து வுடும்மான்னேன். மாமா, ஒரே நிமிசம் மாமா, வந்துட்டேன் மாமாங்குது. எனக்கு மானம் போவுது. பேனலு வேதாவோட பேனலு தொறக்கலைன்னா இன்னா நெனைப்பாங்க?

நம்மளுது பின் கீலு சார். அதான் விசேஷமே. உள்ள கயிறு கட்டு, பூட்டு போடு, எது வேணா பண்ணு. வெளியேந்து பின்ன உருவிட்டா பலகை கையோட வந்துடும். ஸ்டாலு பிரிக்கறப்போ அப்பிடித்தான் பிரிப்போம். பாக்கெட்ல திருப்புளி இருந்துச்சு. மேல ஒரு தட்டு, நடுவுல ஒரு தட்டு, கீழ ஒரு தட்டு. உருவினேன், பலகைய அலாக்கா தூக்கி ஓரமா சாத்தினேன். பாத்தீங்களா சார், எவ்ளோ சுளுவுன்னு சொல்லிகினே திரும்பினேன்.

உள்ள அது... அப்பதான் குளிச்சுட்டு வந்திருக்கு போல. ஒண்ணும் இல்ல சார், தப்பா நெனைக்காதீங்க. பாவாடை இருந்துச்சு, துண்டு இருந்துச்சு மேல. பொடவைய ஒரு கையில புடிச்சுகினு இருந்துச்சு. செவுத்தப் பாத்துத் திரும்பி நின்னுடுச்சு. நான் நெசமாவே அந்தப் பக்கம் பாக்கல. என் கண்ணு கீல் மேலதான் இருந்துச்சு. ஆனா பாருங்க, அந்தப் பெரியவரு இருக்காரே, அவரு பேனலப் பாக்கவே இல்ல. தலையத் திருப்பிகினு எங்க வூட்டு காலண்டரப் பாத்துகினே நிக்கறாரு. அவ்ளோ தூரம் வந்துட்டு காலண்டர இன்னாத்துக்குப் பாக்கணும்? அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, ஆர்டரு வராதுன்னு. புள்ளய இழுத்துகினு, அப்புறம் சொல்றோங்கன்னு எறங்கிப் போயிட்டாரு.

அந்நேரம் பாத்து லோகு வந்தா. அரிசிப் பைய வாசல்லயே போட்டா. என்னையப் பாக்கல, ஒரு வார்த்தை கேக்கல. நான் சாத்தி வெச்ச பலகைய ரெண்டு கையாலயும் தூக்கினா. கனம் சார் அது, ஆம்பள தூக்கறதே கஷ்டம். தூக்கி அந்தப் பொண்ணு முன்னால நிறுத்தி, தானும் அப்பிடியே புடிச்சுகினு நின்னா. விடு லோகு, நான் மாட்டறேன், கீலு இழுக்கும்ன்னேன். போய்யா வெளியன்னா. என் வூட்டுலேந்து என்னைய வெளிய போன்னா. போய் மாடிப்படியில உக்காந்தேன்.

அப்புறம் ஆடி பொறந்துச்சு. சம்பந்தி வந்து பொண்ண அழைச்சுகினு போனாரு. புதுசாக் கல்யாணம் ஆன பொண்ணு ஆடிக்குப் போறது வழக்கம்தானேன்னு நானும் பழமெல்லாம் வாங்கிக் குடுத்து அனுப்பினேன். போனப்புறம்தான் பாக்கறேன், உள்ள ஒரு சீப்பு கூட இல்ல. எல்லாத்தையும் எடுத்துகினு போயிருக்கு. அந்த நாடா மட்டும் ஆணியில தொங்கிகினு இருந்துச்சு.

நான் யோசிக்காத யோசனை இல்ல சார். அடைசலா இருக்குதோன்னு மேல காத்துப் போக ஜன்னலு வெட்டினேன். கலரு புடிக்கலியோன்னு மைக்காவ உரிச்சுட்டுப் பச்சை ஒட்டினேன். வளையலு மாட்ட ஒரு கொம்பு, கண்ணாடி வெக்க ஒரு தட்டு. எல்லாத்தையும் போட்டோ புடிச்சு போன்ல அனுப்பினேன். பாத்துட்டேன்னு நீலமா ரெண்டு டிக்கு வருது. பதிலு வரல. பேசினாத்தானே இன்னா கொறைன்னு தெரியும்? இன்னா கொறைன்னு தெரிஞ்சாத்தானே சரி பண்ண முடியும்? என்னால முடியாத வேலையா அது?

அந்தப் பொண்ணு போனதுலேந்து கஜா அவன் வேலை பாக்கற கடையிலயே படுத்துக்கறான். ஏன்டா, இப்பதான் வூடு முழுசும் காலியா இருக்கே, வந்து காலை நீட்டிப் படுடான்னேன். என்னையப் பாத்தான். அப்பா சாப்டியான்னு கேக்காமயே போயிட்டான்.

காஞ்சிபுரமா இது? இன்னும் கொஞ்ச நேரம்தான் உங்களுக்கு. சரி, அந்த இன்னொண்ணையும் சொல்லிடறேன். நீங்க எறங்கிப் போறவரு, உங்களாண்ட சொல்லாம யாராண்ட சொல்றது?

நேத்து மத்தியானம் சோறு போட்டா லோகு. நான் சாப்ட்டுக் கை கழுவிட்டு வரேன், பேனலு விரிச்சிருக்கு. அவ விரிச்சிருக்கா. கோணாம, பிசகாம, நான் விரிக்கற மாதிரியே. எப்ப கத்துகினான்னே தெரியல. உள்ள போய் படுத்திருக்கா, வெயிலுக்குக் கண்ணசந்திருப்பான்னு விட்டுட்டேன். டீ நேரத்துக்குத் தட்டினேன். ஏ லோகு, எழுந்திருன்னேன். தள்ளினேன். வரல சார். உள்ளேந்து நாடா கட்டியிருக்கா. அந்தப் பொண்ணு விட்டுட்டுப் போன அதே நாடா.

இன்னாடி ஆச்சு, ஒடம்பு சரியில்லையா, நெஞ்சு வலிக்குதான்னு கத்தறேன். அவ அமைதியா சொல்றா, எனக்கு ஒண்ணும் இல்லய்யா, நல்லா இருக்கேன். இங்க நல்லா இருக்குது, நான் இங்கியே இருக்கேன்னு. வெளிய வாடின்னா வர மாட்டேங்கறா. நான் கீழ போனா வந்து சமையலப் பண்ணி வெச்சுடறா. நான் வர சத்தம் கேட்டா உள்ள போய்க் கட்டிக்கறா. இன்னிக்குக் காலையில இட்டிலி தட்டுல போட்டு மூடி பேனலுக்கு இந்தப் பக்கம் வெச்சிருக்கு. சட்னி கூட வெச்சிருக்கா. கோவம் இருந்தா சட்னி வெப்பாளா? அதான் எனக்கு ஒண்ணும் புரியல.

அவளுக்கு இன்னா சார் கொறை? கல்யாணம் ஆகி வந்த நாள்லேந்து அந்த ஒத்த ஹால்லதான் இருக்கா. ஒரு நாளு வாயத் தொறந்து எனக்கு ஒரு தடுப்பு வேணும்னு கேட்டதில்ல. பொடவை மாத்தணும்னா என்னைய வெளிய நிக்கச் சொல்வா. புள்ள வளந்தப்புறம் ரெண்டு பேரையும் நிக்கச் சொல்வா. மழை பேஞ்சா சமையக்கட்டுல இருட்டுல நின்னு மாத்திக்குவா. அவ்ளோதான், பழகிடுச்சு. கேட்டிருந்தா பண்ணிக் குடுத்திருக்க மாட்டேனா? ஊருக்கெல்லாம் பண்ணிக் குடுத்தவன் ஆச்சே. கேக்கவே இல்லையே.

நேத்து நான் பின்ன உருவப் போனேன். ஆமா, நெசத்தத்தான் சொல்றேன். திருப்புளிய எடுத்து மேல் கீலாண்ட வெச்சேன். சத்தமே பண்ணல நானு. எண்ணெய் விட்ட கீலு, சத்தம் வராது. ஆனா அவ உள்ளேந்து சொல்றா, தெரியுதுய்யா, உன் மூச்சுக் காத்து கேக்குதுன்னு. உருவு, தாராளமா உருவு, உருவினா நான் அந்தப் பொண்ணு பின்னாலயே ஆரணிக்குப் போயிடுவேன், திரும்பி வர மாட்டேன்னு. சத்தம் போடாம சொன்னா. கஜா பேசற மாதிரியே. அவன் கம்முனு செய்யற குணம் எங்கேந்து வந்துச்சுன்னு எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது.

திருப்புளிய எடுத்துப் பாக்கெட்ல போட்டுட்டேன் சார். பேனலுக்கு இந்தப் பக்கம் தரையில உக்காந்துட்டேன். அழுதேன். உங்களாண்ட சொல்றதுக்கு இன்னா, அழுதேன். நான் இன்னாதான்டி பண்ணணும்ன்னேன். அவ சொல்றா, சுத்திய எடுத்துகினு வா, அந்தப் பின்னு தலைய எல்லாம் அடிச்சு நசுக்கு. யாரும் உருவ முடியாத மாதிரி நசுக்குன்னா. அந்தப் பின்னு உருவற மாதிரி இருக்கற வரைக்கும் இது ரூமு இல்லய்யா, உன் ஸ்டாலுதான்யான்னா.

சுத்திய எடுத்தேன். எடுத்துகினு நின்னேன். முடியல சார்.

நீங்களே சொல்லுங்க. பின்னு தலைய நசுக்கிட்டா அது பேனலா? பிரிக்க முடியாது. மாத்த முடியாது. வேற எடத்துக்கு எடுத்துகினு போக முடியாது. செத்த பலகை. அதுக்கு நான் எதுக்கு, கொத்தனாரக் கூப்பிட்டு ஒரு செவுரு வெச்சிருக்கலாமே! என் தொழில் மொத்தமும் அந்தப் பின்னுலதான் இருக்கு. அத்த என் கையாலயே நசுக்கச் சொல்றா. கொழந்தை கைய நசுக்கச் சொன்னா எப்பிடி இருக்கும், அப்பிடி இருந்துச்சு எனக்கு. உக்காந்து வேற வழி யோசிச்சேன். காலையில இந்த அட்டையில புதுசா ஒண்ணு பண்ணேன். இத்த அந்தப் பொண்ணாண்ட காட்டி, உனக்குப் புடிச்ச மாதிரி மடிச்சுக் காட்டும்மா, எப்பிடி மடிச்சுக் காட்டறியோ அப்பிடியே பண்ணித் தரேன்னு கேக்கலாம்னு பஸ் ஏறிட்டேன். பழைய டிசைனு இல்ல சார். இதுல பாருங்க, ரெண்டு பக்கமும் மடியும்.

எங்க, பின்னு எந்தப் பக்கமா? இதுலயா? டேப்பு ஒட்டின பக்கம்தான் சார் பின்னு.

தோ இந்தப்...

நம்ம பக்கம்தான்.

இல்ல சார், கை தானா அப்பிடித்தான் ஒட்டுது. நான் வேணும்னு பண்ணல. டேப்ப ஒட்டறப்போ யோசிச்சு ஒட்டல. இத்தக் கொண்டு போகாதீங்கன்றீங்க. ம். நீங்க சொல்றதுக்கு முன்ன எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு, இத்தக் காட்டினா அந்தப் பொண்ணு கையால கூட தொடாதோன்னு. அதான் ஏறினதுலேந்து பையப் புடிச்சுகினே வரேன். அப்ப வெறுங்கையோட போய் நான் இன்னான்னு நிக்கறது? பழம் வாங்கினு போனா போதுமா?

பையிலயா? சுத்தியும் இருக்கு சார். அது எப்பவும் இருக்கும். நேத்து எடுத்தது, அப்பிடியே பையில போட்டுட்டேன் போல. ஏன் கேக்கறீங்க?

யாராண்ட குடுக்க? அந்தப் பொண்ணாண்டயா?

சுத்தியக் குடுத்து, நீயே வந்து அடிம்மான்னா?

செய்யாறு வந்துடுச்சா, இவ்ளோ சீக்கிரமா? இருங்க, இருங்க, ஒரு நிமிசம். கண்டக்டர், ஆளு எறங்குது, கொஞ்சம் நிறுத்துங்க! இந்தாங்க, இந்த அட்டைய நீங்களே எடுத்துகினு போயிடுங்க. உங்க வூட்டுப் புள்ளைங்களுக்குக் குடுங்க, வூடு கட்டி வெளையாடும். நான் வெச்சிருந்தா அங்க போய் எடுத்துக் காட்டிடுவேன், என் கை சும்மா இருக்காது. சுத்தி மட்டும் எடுத்துகினு போறேன். அது கையில குடுக்கறேன். என்னால முடியலம்மா, நீ வந்து நசுக்கும்மா, உங்க அத்தை உள்ள உக்காந்திருக்கா, நீ வந்து அடிச்சாதான் வெளிய வருவான்னு சொல்றேன். சொல்றேன் சார். கண்டிப்பா சொல்றேன். கால்ல விழணும்னாலும் விழறேன்.

பாத்து எறங்குங்க, படி உசரம். சார், சார், ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. எல்லாத்தையும் நசுக்கட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மேல இருக்கறது, நடுவுல இருக்கறது, எல்லாத்தையும் நசுக்கிக்கட்டும். கீழ மூலையில ஒரே ஒரு பின்னு, அத்த மட்டும் விட்டு வெய்ம்மான்னு கேட்டா தப்பா சார்?